விமான ஓடுதளத்தில் விளைந்த வேகம்

அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்தில் இருக்கும் ஓடுதளம் நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. 1992 மார்ச் மாதம் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அந்தத் தளத்தைத் தொடங்கிவைத்தார். ரஷ்யாவின் பிரம்மாண்டமான டி.யு.-142 விமானங்கள் 2017-இல் ஓய்வுபெறும் வரை அங்கிருந்துதான் கடலைக் கண்காணித்தன. 2013 முதல் அமெரிக்கத் தயாரிப்பான பி-8ஐ விமானங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அந்த மண்ணில் சக்கரங்கள் வேகமெடுக்கத் தொடங்கியது கடற்படை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என வரிசையாகக் குண்டு போட்டன. அடுத்தது மெட்ராஸ்தான் என்ற பயத்தில் நகரமே மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடியது. அந்தப் போர்க்காலத்தில் மெட்ராஸைச் சுற்றிலும் பிரிட்டிஷ் விமானப்படை ஓடுதளங்களைப் பயன்படுத்தியது. மேற்கே ரயில் சந்திப்பான அரக்கோணம் அவற்றில் ஒன்று. வடக்கே செங்குன்றத்தைத் தாண்டியதும் வரும் சோழவரம் இன்னொன்று. போர் முடிந்த பிறகு இரண்டின் தலையெழுத்தும் வேறு வேறாக அமைந்தது. அரக்கோணத்துத் தளம் கடைசியில் கடற்படைக்குப் போனது. சோழவரம் பந்தயக்காரர்களின் கைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் வேகமான காரின் கதையை இந்த இடத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை. கார்கூட எப்படியாவது கிடைத்துவிடும். அதை முழு வேகத்தில், யாருக்கும் ஆபத்தில்லாமல், சட்டத்தை மீறாமல் ஓட்டிப் பார்க்கும் இடம்தான் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து வரும் இரண்டு கதவு கூபேவா, நான்கு கதவு செடானா, எது சிறந்தது என்ற இன்றைய விவாதத்துக்கும் அடியில் கிடப்பது இந்த நிலப் பிரச்சினைதான்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இந்து சாந்தோக் போன்றவர்கள் முன்னின்று அதை வளர்த்தார்கள். கைவிடப்பட்ட சோழவரம் ஓடுதளம் சீக்கிரமே நாட்டின் முக்கியமான பந்தயக் களம் ஆனது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை என எல்லா ஊர்களிலிருந்தும் கார்கள் வந்தன. ஃபியட் 1100, அம்பாஸடர், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவற்றை இரவு பகலாகக் குடைந்து, எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி மெக்கானிக்குகள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோண்டல் அரச குடும்பத்தார் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களோடு வந்தனர். 1980-களில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா 1 காரைக் கொண்டுவந்து ஓட்டினார். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் ஓட்டுவதோடு நிற்காமல் பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டினார்.

ஓடுதளம் என்பது விமானம் நேராக ஓடி எழும்புவதற்காகப் போடப்பட்டது. அதில் நடக்கும் பந்தயமும் அந்தக் குணத்தைப் பெற்றுவிடும். நீண்ட நேர்பாதை, கடைசியில் உடல் வலிக்கப் பிரேக் அடித்து ஒரு திருப்பம், மறுபடி நேர்பாதை. அங்கே ஜெயிப்பது பவர். இன்ஜின் பெரிதாக இருந்தால் நேர்பாதையில் முந்திவிடலாம். வளைவில் தடுமாறினாலும் அடுத்த நேர்பாதையில் ஈடுகட்டிவிடலாம். சோழவரத்தில் பழகிய ஒரு தலைமுறைக்கு ‘டாப் ஸ்பீடு எவ்வளவு?’ என்பதே காரைப் பற்றிய முதல் கேள்வியாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் காலத்தில் ஜெர்மன் கார் என்பது இங்கே கண்ணால் காண்பதற்கே அரிய பொருள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அப்படி. ஆனால் பென்ஸ் என்ற பெயர் பட்டிதொட்டியெல்லாம் தெரிந்திருந்தது, லாரியால். 1954-இல் டாடாவும் டைம்லர் பென்ஸும் கைகோத்துத் தயாரிக்கத் தொடங்கிய லாரிகள் மூக்கில் மூன்றுமுனை நட்சத்திரத்தோடு ஓடின. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தின் தோலும் காலணியும் ஜெர்மனிக்குக் கப்பலேறின. அங்கிருந்து ஒரு கார் இந்தப் பக்கம் வருவதுதான் நடக்காத காரியமாக இருந்தது.

ஜெர்மனியில் வேகமான கார் எப்படி நான்கு கதவுகளுக்குள் நுழைந்தது என்பது சுவையான வரலாறு. 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு சிவப்பு மெர்சிடஸ் 300 எஸ்.இ.எல். வந்து நின்றது. அமைச்சர்களும் ஆலை முதலாளிகளும் பின்சீட்டில் சாய்ந்து போகும் நீளமான செடான் அது. அதன் வி8 இன்ஜினை 6.8 லிட்டராகப் பெருக்கியிருந்தது ஏ.எம்.ஜி. என்ற சிறு பட்டறை. ஆஃப்ரெக்ட், மெல்ஷர் என்ற இரண்டு பொறியாளர்கள் 1967-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒன்றரை டன்னைத் தாண்டிய அந்தக் கார், இலகுவான கூபேக்களுக்கு நடுவே ஓடி, தன் பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடமும் பிடித்தது. குடும்பக் காரும் பந்தயக் காரும் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்று ஐரோப்பாவில் ஆழமாகப் பதிந்தது.

பி.எம்.டபிள்யூ. அதே எண்ணத்தை எதிர்த்திசையிலிருந்து அணுகியது. 1986-இல் வந்த முதல் எம்3, சாதாரண 3 சீரிஸின் இரண்டு கதவு உடலை எடுத்து, பானெட் தவிரக் கண்ணுக்குத் தெரியும் ஏறக்குறைய எல்லாத் தகடுகளையும் மாற்றிச் செய்த கார். சக்கர வளைவுகள் புடைத்தன. பின்கண்ணாடியின் சாய்வு மாறியது. டிக்கி மூடி உயர்ந்தது. இன்ஜின் வெறும் 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர். பந்தய விதிப்படி ஒரே ஆண்டில் 5,000 கார்கள் தயாரித்தாக வேண்டும் என்பதால்தான் அது பொதுமக்களுக்கே விற்பனைக்கு வந்தது. அதன் எதிரி, 1983-இல் அறிமுகமான மெர்சிடஸ் 190 ஈ 2.3-16. நான்கு கதவு, சிலிண்டர் ஹெட் இங்கிலாந்தின் காஸ்வொர்த் வடிவமைத்தது. இத்தாலியின் நார்டோ வட்டப்பாதையில் அந்தக் கார் 50,000 கிலோமீட்டரைச் சராசரி 247.9 கி.மீ. வேகத்தில் ஓடி முடித்தது. 1984 மே மாதம் நர்பர்க்ரிங்கின் புதிய பாதை திறப்பு விழாவில், ஒரே மாதிரியான 190 ஈ கார்களில் உலக சாம்பியன்களை எல்லாம் ஏற்றி ஒரு பந்தயம் விட்டார்கள். நிக்கி லாடாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி ஜெயித்தவர், அப்போது அவ்வளவாகப் பெயர் தெரியாத பிரேசில் இளைஞர் அயர்ட்டன் சென்னா.

இந்த இரண்டு கார்களும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்ட ஜெர்மன் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் களப் பட்டியலைப் பார்க்கும்போது சோழவரம் ஞாபகம் வராமல் போகாது. வூன்ஸ்டார்ஃப், டீப்ஹோல்ட்ஸ், மைன்ஸ்-ஃபின்தன் ஆகிய மூன்றும் விமான ஓடுதளங்கள். நர்பர்க்ரிங்கும் ஹாக்கன்ஹைமும் இருந்த நாட்டிலேயே பந்தயக்காரர்கள் விமான ஓடுதளங்களிலும் வித்தை காட்டினார்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானதளம்தான். அவர்கள் அதைச் செம்மைப்படுத்திக்கொண்டே போனார்கள். நமக்கு அது 1980-களின் கடைசி வரை வாடகை வீடாகவே இருந்தது.

அந்த ஜெர்மன் தொடரின் முடிவுகள் கூபே, செடான் வாதத்தில் இரண்டு பக்கத்தையும் மடக்குகின்றன. 1987-இலும் 1989-இலும் இரண்டு கதவு எம்3 பட்டம் வென்றது. 1990-இலும் 1991-இலும் வென்றது ஆடி வி8 குவாட்ரோ என்ற மிகப் பெரிய செடான். நான்கு சக்கரத்துக்கும் பவர் போகும் கார் என்பதால், அதன் எடையைப் பார்த்துச் சிரித்தவர்களை அது மழையில் வாயடைக்க வைத்தது. 1992-இல் நான்கு கதவு 190 ஈ-யில் கிளவுஸ் லுட்விக் பட்டம் வென்றார். கதவுகளின் எண்ணிக்கை யாரையும் ஜெயிக்க வைக்கவுமில்லை, தோற்கடிக்கவுமில்லை. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சக்கரம் தள்ளுகிறது, டயர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பவைதான் கணக்கு.

டயர் என்றால் மறுபடி அரக்கோணத்துக்கு வர வேண்டும். திருவொற்றியூரில் 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய பட்டறை, 1961-இல் டயர் தொழிற்சாலையாக வளர்ந்தது. அடுத்த பத்தாண்டு கழிந்ததும் அந்த எம்.ஆர்.எஃப். நிறுவனம் அரக்கோணத்தை ஒட்டிய இச்சிபுத்தூரில் ஆலை அமைத்தது. ரயில்வேக்குப் பிறகு இந்த ஊருக்குச் சோறு போட்ட பெரிய இடங்களில் அது ஒன்று. ஷிஃப்ட் முடிந்து ஊழியர்கள் வெளியே வரும் நேரத்தில் இச்சிபுத்தூர்ச் சாலையின் நடமாட்டமே மாறிவிடும். அதே நிறுவனத்தின் பெயர்தான் பிறகு இந்தியப் பந்தயக் களத்தில் எங்கும் தெரிந்தது. 2022-இல் ஸ்பெயின் நாட்டு எஃப்ரென் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனபோது அவர் ஓட்டிய ஸ்கோடாவின் நான்கு சக்கரத்திலும் எம்.ஆர்.எஃப். டயர்களே இருந்தன.

ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கையளவுதான். பிரேக் அடிக்கும்போது காரின் எடை முன்னால் பாய்ந்து முன் டயர்களை அழுத்துகிறது, பின்பக்கம் லேசாகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. அப்போது முன் டயருக்கு இரண்டு வேலை: வேகத்தைக் குறைக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டையும் முழு அளவில் கேட்டால் அது இரண்டையும் செய்யாது, கார் நேராக வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே நல்ல ஓட்டுநர் வளைவுக்குள் திரும்புகையில் பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்துகிறார். இதைச் சோழவரத்தில் முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியாது. வளைவுகள் வேண்டும்.

அந்த வளைவுகள் 1990-இல் வந்தன. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, 3.7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், 12 வளைவுகளோடு பந்தயப் பாதை அமைத்தது. அரசாங்கம் கட்டியதல்ல, பந்தயத்தின் மீது பைத்தியமாக இருந்தவர்கள் கூடி எழுப்பியது. இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். ஓட்டுநர்கள் வளைவுகளை சி1, சி2 என்று எண்ணால் கூப்பிடுகிறார்கள். இந்திய மோட்டார் பந்தயத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியம் நடக்கவில்லை என்றே சொல்லலாம். கரிவரதன் உருவாக்கிய, மாருதி 800 இன்ஜின் பொருத்திய ஃபார்முலா மாருதி கார்களில் ஒரு தலைமுறையே இங்கே கற்றது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் போட்ட பாதையில் வந்தவர்களில் ஒருவர் கோவை நரேன் கார்த்திகேயன். அவர் முதல் பந்தயத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் மேடையேறினார். 2005-இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இந்து சாந்தோக்கின் பேரன் கருண் 2010-இல் அதே உயரத்தை எட்டினார்.

பிற நாட்டவர்களும் இங்கே வந்து பழகினார்கள். மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், எம்.ஆர்.எஃப். சாலஞ்ச் தொடரில் ஓட்டினார். 2019 பிப்ரவரியில் அந்தத் தொடரின் பட்டத்தை இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் இருங்காட்டுக்கோட்டையில் வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர். சென்னையின் ஆதித்யா படேல் எதிர்த்திசையில் போனார். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் போலோ, ஷிராக்கோ கோப்பைகளில் ஓட்டிவிட்டு, பிறகு ஆசியாவில் ஆடி ஆர்8 பந்தயக் கூபேயில் ஏறினார்.

ஜெர்மன் கார் இங்கே வருவதே அரிது என்ற பழைய நிலைமை 2007 மார்ச்சில் தலைகீழானது. செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தன் தொழிற்சாலையைத் திறந்தது. முதலில் பூட்டப்பட்டது 3 சீரிஸ் செடான். 2015-இல் உதிரிபாகங்களில் பாதிவரை உள்ளூரிலேயே வாங்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. இன்ஜினைப் பூட்டிச் சோதிப்பது ஃபோர்ஸ் மோட்டார்ஸ், இருக்கைகள் லியர், அச்சுகள் இசட்.எஃப். ஹீரோ என எல்லாம் சென்னை வட்டாரத்தில். அந்த அறிவிப்பு நாளில் சச்சின் டெண்டுல்கர் வந்து தன் கையால் ஒரு காரில் பாகங்களைப் பொருத்தினார். மெர்சிடஸ் அதற்கு முன்பே, 1995-இல் புணேயில் கார் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. ஆடிக்கு ஔரங்காபாத்.

எங்கே பூட்டப்படுகிறது என்பது ஏன் முக்கியம் என்றால், முழுக் காராக இறக்கினால் சுங்க வரியே காரின் விலையை எட்டிவிடும். 2014-இல் எம்3 செடானும் எம்4 கூபேயும் இந்தியாவுக்கு வந்தபோது இரண்டும் இறக்குமதி. இரண்டுக்கும் ஒரே 431 பிஹெச்பி இன்ஜின். விலை சுமார் 1 கோடியே 20 லட்சம். அடுத்த ஆண்டு வந்த மெர்சிடஸ் சி63 எஸ், 4 லிட்டர் வி8 இன்ஜினும் 510 பிஹெச்பியுமாக அவற்றை எண்ணிக்கையில் அடித்தது. ஆனால் இவையெல்லாம் மிகச் சிலர் கைக்கு மட்டுமே போன கார்கள்.

உண்மையான போட்டி 2021 மார்ச்சில் நடந்தது. ஒரே மாதத்துக்குள் மூன்று ஜெர்மன் கார்கள் அறிமுகமாயின. சென்னையில் பூட்டப்பட்ட பி.எம்.டபிள்யூ. எம்340ஐ, 62.90 லட்சம். புணேயில் பூட்டப்பட்ட மெர்சிடஸ் ஏ.எம்.ஜி. ஏ35 செடான், 56.24 லட்சம். இறக்குமதியாக வந்த ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக், 79.06 லட்சம். மூன்றிலும் நான்கு சக்கரத்துக்கும் பவர். தாளில் பார்த்தால் ஒரே குடும்பம். ஓட்டினால் மூன்றும் மூன்று சாதி.

ஏ35-இன் அடித்தளம் முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார். 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 306 பிஹெச்பி. இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. பின்சக்கரங்களுக்கு அதிகபட்சம் பாதி பவர்தான் போகும். துறுதுறுவென்று திரும்பும், ஆனால் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூக்கு வெளியே போகப் பார்க்கும். எஸ்5 ஸ்போர்ட்பேக் கூபேபோல் சரியும் கூரையோடு நான்கு கதவுகளும் உள்ள கார். 2004-இல் மெர்சிடஸ் சி.எல்.எஸ். தொடங்கிவைத்த நான்கு கதவு கூபே மோகத்தின் வாரிசு. 3 லிட்டர் வி6, 354 பிஹெச்பி. வி6 இன்ஜின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் மூக்கு கனம். அதேசமயம் ஈரச் சாலையில் அதைப்போல் மனதைத் தைரியமாக வைத்திருக்கும் கார் குறைவு. மூன்றில் கூபேக்கு நெருக்கமான தோற்றம் எஸ்5-க்குத்தான். ஓட்டுவதில் கூபேயின் குணம் இருப்பது எம்340ஐ என்ற சாதுவான செடானில்.

அதன் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் நீளவாக்கில், பெரும்பகுதி முன் அச்சுக்குப் பின்னால் இருக்கும்படி தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. 387 பிஹெச்பி. பவரில் பெரும்பகுதி பின்சக்கரங்களுக்கே போகிறது. பின் அச்சில் இருக்கும் மின்னணு டிஃபரன்ஷியல் வெளிச் சக்கரத்துக்கும் உள் சக்கரத்துக்கும் இடையே பிடியைப் பங்கிடுகிறது. வளைவை முடிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் கையோடு சேர்ந்து திரும்ப உதவுகிறது. இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் எம் ரகக் கார் இது. செங்கல்பட்டுப் பக்கம் பூட்டப்பட்ட ஒரு செடான், இருமடங்கு விலைக் கார்களுக்கு வளைவில் பாடம் சொல்லும் நிலைக்கு வந்தது சின்ன விஷயமல்ல.

ஆனால் 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தை அது எட்டுவது 4.4 நொடியில். ஜெர்மனியின் ஆட்டோபானில் பல பகுதிகளில் வேக வரம்பே இல்லை. 130 என்பது பரிந்துரை மட்டுமே. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாபேட்டைக்கும் ஆம்பூருக்கும் இடையே டிராக்டரும், எதிர்த்திசையில் வரும் பைக்கும், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று நுழையும் ஷேர் ஆட்டோவும் இருக்கின்றன. அங்கே இந்தக் காரின் திறமையில் பாதியைத் தொட்டாலும் அது குற்றம். சாலையில் போகும் மனிதர்களுக்குச் செய்யும் துரோகம். கிராமத்து வேகத்தடையில் தாழ்ந்த கூபேயின் வயிறு உரசுவது இதில் மிகச் சிறிய தொல்லை. எனவே இந்தக் கார்களை வாங்குகிறவர்கள், பந்தயப் பாதையில் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினால்தான் கொடுத்த காசுக்குப் பொருள் உண்டு. அந்த வகையில் தமிழ்நாடு அதிர்ஷ்டம் செய்த மாநிலம்: இருங்காட்டுக்கோட்டையும் கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் மறுநாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் விளக்கு வெளிச்சத்தில் பந்தயமே நடந்தது.

மோட்டார் பந்தயம் என்றால் என்ன என்று அறியாத வீடுகளுக்கும் அதைக் கொண்டுபோனவர் நடிகர் அஜித்குமார். 2003-இல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியா தொடரில் ஓட்டிய அவர், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சொந்த அணியோடு போனார். கையாண்டவை இரண்டுமே போர்ஷே கூபேக்கள். ஒன்று 911 ஜி.டி.3 கப், இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்ட நொடியில் பின்பக்கத்துக் கனம் ஊசல்போல் வீசக்கூடிய கார் அது; ஆனால் வளைவிலிருந்து வெளியேறும்போது அதே கனம்தான் பின் டயர்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. இன்னொன்று கேமன் ஜி.டி.4, இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால், இரு அச்சுகளுக்கும் நடுவே. திடுக்கிட வைக்காத, நீண்ட நேரம் ஓட்டச் சோர்வு தராத அமைப்பு. பயிற்சியில் பெரிய விபத்துக்குத் தப்பிய அஜித், 911-ஐ மற்ற ஓட்டுநர்களிடம் விட்டுவிட்டுக் கேமனில் ஏறினார். அவருடைய அணியின் 911 தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. துபாயின் பார்வையாளர் மாடத்தில் அன்று தமிழ்க் குரல்களே அதிகம் கேட்டன.